பதினேழாம் பாட்டும் பதினொரு திருக்கையும்

ஐப்பசியின் முதல் புயல்சின்னம் கடலில் எழுந்து, வள்ளங்கள் எல்லாம் கரையேற்றப்பட்டு, கோயில் கொடிமரத்தின் கயிறு அடித்து அடித்து ஓய்ந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கழிமுகத்துறை மீனவர் சங்கப் படிப்பகத்தின் தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் ஊர்க் காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கியது. முதலில் போனது நாளிதழின் நான்காம் தாள். தலையங்கத்தின் நீண்ட வாக்கியம் ஒன்றில் எழுவாயைத் தேடிக்கொண்டிருந்த என் கையை விட்டு அது எழுந்து, மேசையைக் கடந்து, குளத்து நீருக்குள் இலை அமிழ்வதுபோலக் கண்ணாடிக்குள் அமிழ்ந்து, அங்கே மலையுச்சியில் சட்டைப் பொத்தான் ஒன்றையும் போடாமல் நின்று பாடிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனின் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தான். சங்கச் செயலாளர் செலஸ்டின் பெட்டியின் அருகே சென்று குனிந்து பார்த்தார்.

"ராசிபலன் பக்கமா டீச்சர்?"

"இல்லை, தலையங்கம்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, எஞ்சிய தாள்களின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

இழுத்தது பெட்டியன்று, பாட்டு. செலஸ்டின் கால்பந்து பார்ப்பதற்காக வாங்கிய இணைப்பில், எவரும் கேளாமலே வந்து சேர்ந்திருந்த அலைவரிசை ஒன்றில் ஏழுகண்டப் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு நாடுகள் ஆளுக்கொரு பாட்டை மூன்று நிமிடப் படமாக எடுத்து அனுப்பியிருந்தன. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அவற்றை வரிசையாகவும் திரும்பத் திரும்பவும் ஒளிபரப்பி, ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி வைத்து ஒருவருக்கு முடிசூட்டுவது அவர்களுடைய வழக்கம். அந்த முப்பத்தொரு படங்களில் இருபத்திரண்டில் பாடுவோரின் தலைமுடி பின்னோக்கிப் பறந்தது. மலைமேல் நின்றாலும் பறந்தது, நிலவறைக்குள் நின்றாலும் பறந்தது, சாளரமே இல்லாத அறையில் கட்டிலில் கிடந்து அழுதாலும் பறந்தது. முடி பின்னோக்கிப் பறக்க வேண்டுமானால் காற்று முன்னாலிருந்துதான் வர வேண்டும், அவர்களுக்கு முன்னால் இருப்பவர்கள் பார்ப்பவர்கள்தாம் என்பதை உலகில் வேறெவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. காற்று எங்களைக் கேளாமல் எங்களிடமிருந்தே போகத் தொடங்கிய பிறகு எண்ணிப் பார்க்கவும் தேவை இருக்கவில்லை.

அந்தப் படங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பாட்டில், வெள்ளித்தாள் போன்ற உடையணிந்த நான்கு ஆண்மக்கள் தீப்பற்றி எரியும் கார்ப் பட்டறை ஒன்றில் இடுப்பை ஆட்டினார்கள். கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர்க் குழாய் இருந்தும் அதைத் திறக்க நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் பாட்டில் மணப்பெண் ஒருத்தி காட்டுக்குள் ஓடினாள். அவளைத் துரத்துவோர் எவரும் இலர். ஓடி ஓடிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்து, அதற்காக அழுதாள். ஒன்பதாம் பாட்டில் ஆட்டுத்தலை மாட்டிய எண்மர் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, வெந்த ரொட்டியைப் பிய்த்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து, ஒருவர் முகத்தில் ஒட்டியதை மற்றவர் நக்கி எடுத்தார்கள். பதின்மூன்றாம் பாட்டில் ஒருவன் அலைவாய் ஈரமணலில் பியானோவை வைத்து வாசித்தான். நெருப்பையும் ஆட்டுத்தலையையும் பொறுத்துக்கொண்ட எங்கள் ஆண்கள் அங்கேதான் கொதித்து எழுந்தார்கள். "ஏத்தம் வருதுல்லா, நுரை கால்ல நிக்குது, ஒரு நங்கூரம் உண்டுமா, ஒரு கயிறு உண்டுமா, இன்னும் கால்மணி நேரத்துல பெட்டி கடலுக்குள்ள கெடக்கும், இந்தப் பய கண்ணை மூடிக்கிட்டுப் பாடுதான்" என்று நாளொன்றுக்கு ஏழுமுறை அந்தப் பியானோவுக்காகப் பதறினார்கள். ஏழுமுறையும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

எல்லாவற்றிலும் இழிந்தது இருபத்துநான்காம் பாட்டு. பாழடைந்த ரயில் நிலையத்தின் நடுவே ஒரு குளியல்தொட்டி, அதற்குள் ஒரு பெண். அவளைச் சுற்றித் தொட்டியில் நிறைந்திருப்பது நீரன்று, பாலன்று, சவர்க்கார நுரையும் அன்று. அது வெண்மையாகவும் கொழகொழவென்றும் இருந்தது, அவள் கையைத் தூக்கும்போது கூடவே இழுபட்டு வந்தது. தன் கழுத்து மணிமாலையை ஒவ்வொரு மணியாகக் கடித்து விழுங்கிக்கொண்டே, தன்னை எவரும் புரிந்துகொள்ளவில்லை என்ற பொருளில் பாடினாள். அப்படத்தைப் பார்த்த பிறகு எங்கள் தெருவில் மூன்று நாள் எவர் வீட்டிலும் கஞ்சி காய்ச்சவில்லை. அவள் தலைமுடி நனைந்து மண்டையோடு ஒட்டிக் கிடந்ததால் அப்படத்தில் காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான குற்றம் ஒன்று உண்டு. எவரும் பாடவில்லை, வாயை அசைத்தார்கள். பாட்டு எங்கோ முன்பே பதிவாகி வேறு வழியாக வர, இவர்கள் தண்ணீருக்கு வெளியே கிடக்கும் மீன்போல வாயைத் திறந்தும் மூடியும் இருந்தார்கள். பதினேழாம் பாட்டுக்குரிய அந்த மலையுச்சி இளைஞனை ஊரார் மலைக்காரன் என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர். பாட்டு முடிந்து இரண்டு விநாடி கழிந்தும் அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஐம்பது பிள்ளைகளின் காலை வழிபாட்டில் ஒரே ஒரு பிள்ளை பாடாமல் வாயசைப்பதைக் கடைசி வரிசையில் நின்று கண்டுபிடித்த எனக்கு அதைக் காணக் காணக் குமட்டியது.

ஆனால் மலைக்காரனின் காற்றை எவரும் குறை சொல்ல முடியாது. மணப்பெண்ணின் ஓட்டம் இழுத்த காற்று ஒரு வாடைக்காற்று, அதுவும் விட்டு விட்டு வந்தது. பட்டறைக்காரர்களின் காற்றில் புகையின் சூடு இருந்தது. மலைக்காரன் கைகளை விரித்து நின்றாலோ, ஆனி மாதத்து மேல்காற்றான கச்சான்போல ஒரே சீராக, வறண்டு, எலும்புவரை ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும் காற்று கிளம்பியது. புதன்கிழமை காலை படிப்பகத்தைப் பெருக்க வந்தவள், முதல்நாள் மழையில் நனைந்து கதவோரம் கிடந்த சாக்கு பப்படம்போல் காய்ந்திருப்பதைக் கண்டாள். அன்று பிற்பகல் ஊரின் ஈக்கள் எல்லாம் திரண்டு வந்து, கறுத்த கயிறுபோல் திரைக்குள் போயின. ஆட்டுத்தலைக்காரர்களின் ரொட்டி மேசையில் அவை இறங்கியதைக் கண்டு ஊர் கைதட்டியது. அடுத்த ஒளிபரப்பில் அவர்கள் ஒரு கையால் ரொட்டி எறிந்து மறுகையால் ஈ ஓட்டினார்கள். பதிவான படம் எவ்வாறு மாறும் என்று வெளியூரார் கேட்கலாம். எங்கள் ஊரில் எவரும் அதைக் கேட்கவில்லை. இனி எதை உலர்த்தலாம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

தெக்லாதான் முதலில் கேட்டாள்.

கழிமுகத்துறையில் கருவாடு காயப்போடும் களம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் ஓர் இடம், அவள் தாய் வழியிலோ மாமியார் வழியிலோ வந்த இடம். அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. உப்புத் தொட்டியிலிருந்து எடுத்த மீன் ஆறாம் நாள், கோயிலில் ஆறு மணிக்கு அடிக்கும் மாலைமணிக்குள் காய்ந்திருக்க வேண்டும். களத்துப் பெண்களில் மூத்தவள் வந்து தசை தடித்த இடத்தில் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எவளுடைய மீன் மழைக்காலத்தில் ஈரம் வைத்துப் புழுத்ததோ, அவள் தன் இடத்தை விட்டுவிட்டு அடுத்தவளுடைய கூடையைச் சுமக்கப் போக வேண்டும். தெக்லாவுக்கு இரண்டு ஆண்டு புழுத்துவிட்டது. இது மூன்றாம் ஆண்டு. புயலுக்கு முந்திய கடைசி ஓட்டத்தில் அவள் கணவன் கொண்டுவந்த பதினொரு திருக்கைகள், முறம் அகலம் முதல் கதவு அகலம் வரை, அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் உப்பிலிருந்து வெளியே வந்திருந்தன. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

"படிப்பகத்துக்குள்ள கயிறு கட்டிக்கிடட்டுமா டீச்சர்?" என்று வாசலில் நின்று கேட்டாள். தலையில் போட்டிருந்த பாலிதீன் சாக்கிலிருந்து நீர் சொட்டியது.

படிப்பகத்தின் சாவி என்னிடம் இருந்தது. "இங்கே உண்ணவும் உமிழவும் கூடாது" என்ற பலகையை எழுதி மாட்டியவளும் நானே. திருக்கை மற்ற மீன்களைப்போல் நாறுவதில்லை. அது மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும். பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்ததுபோன்ற காரம் அது.

"நூல்கள் இருக்கின்றன, தெக்லா."

"புஸ்தகமும் நமுத்துத்தான கெடக்கு டீச்சர். அதும் காயும்லா."

"என்ன டீச்சர் யோசிக்கிய? இவ கையில மீனும் காயாது, மழையும் விடாது. கர்த்தரே வந்து விசிறுனாலும் புழுத்தான் வைக்கும்" என்றாள் பின்னால் நின்ற வியாகம்மா. களத்தில் மூத்தவள் அவளே, பெருவிரல் அவளுடையதே. தெக்லாவின் இடம் காலியானால் அதை அடுத்து வரிசையில் நின்றவள் வியாகம்மாவின் மருமகள் என்பதையும் ஊர் அறியும்.

"நீ விசிறாம இருந்தாச் சரி மைனி" என்றாள் தெக்லா.

நான் கதவைத் திறந்துவிட்டேன். இரக்கத்தால் திறந்தேன் என்று எழுதினால் அது உண்மையாகாது. நூல்கள் நமுத்துக் கிடந்தன.

சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, பதினொரு திருக்கைகளும் வயிற்றுப்புறம் பெட்டியைப் பார்க்கத் தொங்கவிடப்பட்டன. நான் கரும்பலகையில் முப்பத்தொரு பாட்டின் எண்களையும் எழுதி, எதிரே காற்று உண்டு, இல்லை என்று குறித்தேன். மலைக்காரன் வரும் வேளையை வட்டமிட்டேன். உண்டு என்று குறித்த பாட்டு வந்ததும் பெண்கள் ஓடிவந்து மீனைத் திரைக்கு நேரே இழுத்தார்கள், இல்லை என்று குறித்த பாட்டு வந்ததும் புரட்டினார்கள். மூன்று நிமிடத்திற்கு ஒரு வேலை என்று வந்துவிட்டதால் படங்களைப் பற்றிய தீர்ப்புகளும் சுருங்கின. "இந்தப் புள்ள நல்லா அழுவுதா, ஆனா காத்து பத்தாது." "தலையில துணி கட்டிக்கிட்டுப் பாடுதாளே, எதுக்கு இவளுக்குப் பாட்டு?" தொட்டிக்காரி வரும்போது எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

வியாழக்கிழமை நண்பகல் ஒளிபரப்பில் மலைக்காரன் மூக்கைச் சுளித்தான்.

முதலில் அது உணர்ச்சி என்று கருதினோம். அடுத்த சுற்றில் கண்களைக் கசக்கினான். அதற்கடுத்த சுற்றில் மலையுச்சியில் கைவிரித்து நிற்க வேண்டியவன் ஒரு கையை மட்டும் விரித்து, மறுகையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயசைத்தான். மணப்பெண் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். பியானோக்காரன் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தான். எங்கள் காற்று போன வழியே எங்கள் நாற்றமும் போயிருந்தது.

ஊர் அதை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க திருக்கை நாறுதாமா அவனுக்கு? சட்டைப் பொத்தான் போடாம மலை உச்சியில நிக்கவனுக்கு மூக்கு வேற கேக்குதோ?" என்றார் செலஸ்டின். "கஞ்சித்தொட்டியில ஊறிக்கிட்டு மணியைத் தின்னுதாளே, அது நாறலியாமா?" என்றாள் வியாகம்மா. களத்து விவகாரத்தில் தெக்லாவின் எதிரியான அவள்கூட அன்று தெக்லாவின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்து வைதாள். உள்ளூர்ப் பகை உள்ளூர்க்காரர்க்கு மட்டும் உரியது. வெளியூரான் அதில் சேர்ந்துகொள்வதை அவள் ஒப்பவில்லை.

தெக்லா வையவில்லை. திரைக்கு நேரே நின்று, அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த மூஞ்சி எனக்குப் பழக்கம்தான் டீச்சர்" என்றாள் திரும்பாமல். "ஆறாங் கிளாசுல நீங்களும் இப்பிடித்தான் சுளிச்சிய. ஜன்னல் ஓரமாப் போயி இருன்னு சொன்னிய. நான் வருஷம் பூரா மழைச்சாரல்ல இருந்தேன்."

செலஸ்டின் தொண்டையைக் கனைத்தார். நான் கரும்பலகையில் ஏற்கெனவே சரியாக இருந்த ஓர் எண்ணை அழித்து மீண்டும் எழுதினேன்.

துன்பம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. நாற்றம் பொறாத பாடகர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் புறங்காட்டி நின்றார்கள். புறங்காட்டி நின்றவர் முடி அவர் முகத்தில் விழுந்தது, காற்று தளர்ந்தது. பட்டறைக்காரர்கள் தீயை அணைக்கத் தெரியாதவர்கள், பட்டறையை விட்டு ஓட மட்டும் அறிந்திருந்தார்கள். வெறும் நெருப்பு மூன்று நிமிடம் எரிந்து அடங்கியது. மாலைக்குள் கரும்பலகையின் இருபத்திரண்டு உண்டுகளில் பதினாறு இல்லையாயின. மலைக்காரனும் மெல்லத் தோளைத் திருப்பத் தொடங்கினான். தொங்கிய திருக்கைகளில் ஐந்து காய்ந்திருந்தன. ஆறில் இன்னும் ஈரம் இருந்தது.

திருக்கை புரட்டும் பெண்கள் பாடிக்கொண்டே புரட்டுவார்கள். அவர்களுக்கு இசை விருப்பம் மிகுதி என்று வெளியூரார் ஒருவர் முன்பு கட்டுரை எழுதியதுண்டு. காரணம் அதுவன்று. பாடுகிறவள் வாயால் மூச்சு வாங்குவாள், மூக்கு சும்மா இருக்கும். மூக்கு சும்மா இருந்தால் திருக்கை நாறாது. பாட்டு நின்றால் நாற்றம் ஏறும், ஆகவே எவளும் நிறுத்த மாட்டாள். சொல் தீர்ந்துபோனால் மீனை எண்ணிப் பாடுவாள், மீனும் தீர்ந்துபோனால் வெறும் ஓகாரத்தை இழுப்பாள்.

சனிக்கிழமையின் முதல் ஒளிபரப்பில் மலைக்காரன் பாதி திரும்பி நின்றபோது, தெக்லா முக்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு ஏறி நின்றாள்.

"எய்யா, இங்க பாரு. என்னையப் பாரு. மூக்கை விடு. வாயைத் தொற. சும்மா ஆட்டாத, தொற."

அவள் வாயைத் திறந்து பாடிக் காட்டினாள். பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் வியாகம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவள் குரல் பழைய வெண்கலக் குடம்போல் மற்றவர் குரலையெல்லாம் விழுங்கியது. மலையுச்சியில் நின்றவன் எங்களைப் பார்த்தான். அவன் பின்னால் முன்பே பதிவான பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூக்கிலிருந்து கையை எடுத்து, வாயைத் திறந்து, அந்தப் பாட்டுக்குள் தன் குரலை விட்டான்.

அது நல்ல குரலன்று. கரகரப்பானது, சுருதிக்குச் சற்றுக் கீழே நடப்பது, மேலே ஏறும் இடத்தில் உடைவது. ஆயினும் அந்த வாய் திறந்தபோது பாட்டு வந்தது, மூடியபோது நின்றது. மூடிய கணமே அவன் முகம் கோணிற்று, உடனே மீண்டும் திறந்தான். அவன் முழுதும் எங்களை நோக்கித் திரும்பி நின்றான். கச்சான் மீண்டும் எழுந்தது. சனி மாலைக்குள் பத்துத் திருக்கைகள் காய்ந்துவிட்டன.

எஞ்சியது கதவளவு அகன்ற பதினோராவது திருக்கை. அதன் முதுகுத்தண்டை ஒட்டிய தசை ஒரு சாண் தடிமன். இறுதிப்போட்டி ஞாயிறு நண்பகல். கிழக்கே எங்கோ ஒரு நாட்டின் மேடையில் முப்பத்தொருவரும் நேரில் ஒருமுறை மட்டும் பாடுவார்கள். வென்றவர் மாலைவரை மீண்டும் மீண்டும் பாடுவார். மலைக்காரன் வென்றால் மீன் காயும், தெக்லாவின் இடம் தங்கும். தோற்றால் மூன்று நிமிடக் காற்றோடு எல்லாம் முடிந்தது. இது ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

வாக்களிக்க உலகோர் அனைவர்க்கும் உரிமை உண்டு, ஒரு கைப்பேசிக்கு இருபது வாக்கு, பாட்டின் எண்ணை அனுப்பினால் போதும் என்று திரையில் ஓடியதைத் தமிழாக்கி உரக்கப் படித்தவள் நான். "இருபதா? தாராளம்" என்றார் செலஸ்டின்.

எங்கள் சங்கத் தேர்தல் எவ்வாறு நடைபெறும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நிற்பவர் எல்லாருடைய பெயரும் அச்சிட்ட தாளை வாங்கி, வேண்டாதவர் பெயர்களைக் கோடு கிழித்து அடிப்போம். குறைவாக அடிபட்டவர் தலைவர். ஒருவரை வேண்டும் என்று சொல்ல எங்கள் ஊரார்க்கு வாய் வராது, வேண்டாம் என்று சொல்லக் கூசாது. மூன்று தலைமுறையாக இவ்வாறுதான் வாக்களித்திருக்கிறோம். வாக்கு என்றால் எங்களுக்குக் கோடு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கழிமுகத்துறையின் தொள்ளாயிரம் கைப்பேசிகளும் மலைக்காரனின் எண்ணை மட்டும் கவனமாக விட்டுவிட்டு, மற்றவர்களை அடித்துத் தள்ளின. ஆட்டுத்தலைக்காரர்களை ரொட்டிக்காக அடித்தார்கள், பியானோக்காரனை நங்கூரத்துக்காக அடித்தார்கள், பட்டறைக்காரர்களைத் தண்ணீர்க் குழாய்க்காக அடித்தார்கள். ஆனால் அனைவரும் முதற்கோட்டைக் கிழித்தது தொட்டிக்காரியின்மேல்தான். வியாகம்மா அவளை அடித்தபிறகும் ஆத்திரம் தீராமல், மருமகளின் பேசியை வாங்கி மீண்டும் அடித்தாள். நாற்பதாண்டு பிழை திருத்தியே வாழ்ந்த நானும் என் பேசியை எடுத்து, இருபத்துநான்கு என்று தெளிவாக அழுத்தி அனுப்பினேன். அதில் பிழை ஏதும் எனக்குத் தென்படவில்லை.

மேடையில் தன் முறை வந்தபோது மலைக்காரன் மிக நன்றாகப் பாடினான் என்று சொல்வதற்கில்லை. மற்றவர்கள் வாயசைத்துப் புன்னகைத்த மேடையில், அவன் ஒருவன் கண்ணில் நீர் வழிய, கழுத்து நரம்பு புடைக்க, பதினோராவது திருக்கையின் முழுநாற்றத்தையும் வாங்கிக்கொண்டு கத்தினான். நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருக்கையின் மேற்புறம் காய்ந்தது.

நான்கரை மணிக்கு முடிவு வந்தது. முப்பத்தொருவரில் முப்பத்தொன்றாமவன் மலைக்காரன். அவனுக்கு வந்த வாக்கு சுழி. உலகின் வாக்குகளைப் பெருவாரியாக அள்ளி முடிசூடியவள் தொட்டிக்காரி.

செலஸ்டின்தான் முதலில் தம் பேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், அந்த ஊர்ல அடிக்கிறதுன்னா... போடுறதா?"

"ஆம்" என்றேன்.

"நான் ரெண்டு தடவை போட்டேனே, அந்தக் கஞ்சிக்காரிக்கு" என்று வியாகம்மா நாற்காலியில் சரிந்தாள்.

தொட்டியை மேடைக்கு உருட்டி வந்தார்கள். உள்ளே அந்தக் கொழகொழப்பும் ததும்பி வந்தது. மகிழ்ச்சி மிகுந்து அவள் அதை அள்ளி முன்வரிசைமேல் தெளித்தாள், முன்வரிசை அதை முகத்தில் பூசிக்கொண்டது. அவள் பாடத் தொடங்கினாள். அவள் முடி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. படிப்பகத்துக் கயிறுகளின் ஆட்டம் நின்றது. பதினோராவது திருக்கையின் அடிப்புறத்திலிருந்து ஒரு சொட்டு நீர், பிறகு ஒரு சொட்டு நீர், சிமெண்டுத் தரையில் விழுந்தது. மாலைமணிக்கு ஒன்றரை மணிநேரம் இருந்தது.

திரையின் கீழ் இடமூலையில், செபப் புத்தகத்தின் அளவேயான ஒரு கட்டத்தில், தோற்றவர்கள் சோபாவில் அமர்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தோற்றவர் முகத்தைக் காட்டுவது அந்தப் போட்டியின் அநாகரிகங்களில் ஒன்று. மலைக்காரன் ஓரத்தில் தலைகுனிந்து இருந்தான். தெக்லா திரையின் முன் மண்டியிட்டு அந்தக் கட்டத்திற்கு நேரே முகத்தை வைத்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை.

"எய்யா. இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

சிறிதுநேரம் கழித்து அவன் மூக்கு சுளித்தது. நிமிர்ந்தான். பக்கத்திலிருந்த மணப்பெண் விலகி அமர, ஒலிவாங்கியும் இல்லாமல், விளக்கும் இல்லாமல், எவரும் கேளாமல், அவன் வாயைத் திறந்தான். தொட்டிக்காரியின் கூச்சலுக்கு அடியில் அந்தக் கரகரப்பு எங்களுக்குக் கேட்டது. கட்டத்திற்குள் அவன் நெற்றிமுடி எழுந்தது. செலஸ்டினும் வியாகம்மாவும் திருக்கையைக் கயிற்றிலிருந்து இறக்கி, ஆளுக்கொரு சிறகாகத் தூக்கி, அந்தப் புத்தக அளவு மூலைக்கு நேரே பிடித்தார்கள். தெக்லா அங்குலம் அங்குலமாக அதை நகர்த்தினாள். கை கடுத்தபோது மற்றவர்கள் மாற்றிப் பிடித்தார்கள். நானும் வாலைப் பிடித்தேன். மூக்கு எரிந்தது, வாயைத் திறந்துகொண்டேன். தொட்டிக்காரி நான்குமுறை, ஐந்துமுறை பாடி முடித்தாள். உலகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்து பேர் அடங்கிய ஒரு படிப்பகம் மட்டும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு அடிப்பதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் அவன் பாட்டை விடாமலே வலக்கையைத் தூக்கி, உள்ளங்கையை மேலே காட்டி, பிறகு கீழே கவிழ்த்தான். எங்களுக்கு விளங்கவில்லை. மீண்டும் கவிழ்த்தான், முகத்தில் எரிச்சலோடு.

"பாத்தியளா, புரட்டணுமாம்!" என்றாள் தெக்லா. "எனக்கே சொல்லித் தாரான், சொக்காப் போடத் தெரியாதவன்." என்றாலும் புரட்டினாள். தண்டை ஒட்டி, நாங்கள் எவரும் காணாத ஓர் இடத்தில், ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

மணி அடிக்கத் தொடங்கியதும் வியாகம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். தடித்த இடத்தில் பெருவிரலை வைத்து, தன் மருமகளின் முகத்தைப் பாராமல், எலும்பு தெரிய அழுத்தினாள். விரலை எடுத்து விளக்குக்கு நேரே பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். எல்லாரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம்.

"இது காஞ்ச நாத்தந்தான்" என்றாள்.

திரையின் மூலையில் மலைக்காரன் வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சை ஆழ இழுத்தான். அவன் முகம் முன்னைவிடக் கேவலமாகக் கோணிற்று.